எங்கே இருந்தாலும் வரலாம்

ஷெல்டருக்குள் குனிந்து நுழைந்து பெஞ்சில் உட்கார்ந்த பிறகுதான் ஞானதீபம் தன் கையில் கரண்டி இருப்பதைப் பார்த்தாள். அடுப்பை அணைத்தோமா? அணைத்திருப்போம். கேஸ் திருகு மக்கர் பண்ணியதில் நுனிவிரல் சிவந்திருக்கிறது, அதனால் அணைத்துத்தான் இருக்கிறோம். அபாயச் சங்கு இன்னும் ஏறி இறங்கி, ஏறி இறங்கி ஊளையிட்டுக்கொண்டிருந்தது. தூத்துக்குடி மில்லுச் சங்கு ஒரே மூச்சில் ஊதி நின்றுவிடும், மனுஷர் எழுந்து வேலைக்குப் போவார்கள். இந்தப் பிரிஸ்டல் ஊர்ச் சங்குக்கு அந்த மரியாதை கிடையாது. பட்டப்பகலில், துணி காய்கிற வெயிலில், மதியச் சாப்பாட்டுப் பாத்திரம் கழுவி முடியுமுன்னே விமானத்தில் குண்டு போட வருகிறவனை என்னவென்று சொல்வது. தெரு நடுவில் செங்கல் வைத்துக் கட்டி மேலே கான்கிரீட் பலகை மூடின இந்த ஷெல்டருக்கு ஜன்னல் இல்லை. ஈரச் சிமெண்டும் பூனை மூத்திரமும் சேர்ந்த வாடை. முந்தானையால் மூக்கைப் பொத்தலாம். பொத்தினால் இந்த வெள்ளைக்காரிகள் தங்களைச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொள்வார்களோ, வேண்டாம். பிள்ளைகள் வரத் தொடங்கிவிட்டார்கள். ஓடிவரவில்லை, அலறவில்லை, ஏதோ மழைக்கு ஒதுங்குகிறவர்கள் போலப் பேசிக்கொண்டே வருகிறார்கள். ஒருத்தியின் கழுத்தில் விஷவாயு முகமூடி வைத்த அட்டைப்பெட்டி, அதற்குள்ளே முகமூடியோடு பாதி தின்ற கேரட். ஒருவன் சட்டைப்பையில் விமான எதிர்ப்புப் பீரங்கிக் குண்டின் சில்லு, நேற்றுக் கீழே விழுந்தது, சிகரெட் பெட்டிக்குள் வருகிற படம் இரண்டுக்கு மாற்றித் தருவானாம். மகள் சுகிர்தமும் வருவாள், பின்னால்தான் வருவாள், எதிலும் கடைசிதான் இவள்.

என்ன பிள்ளைகள் இவர்கள், என்று ஞானதீபம் எத்தனையோ தடவை தன் வீட்டு ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று வியந்திருக்கிறாள். சாக்கட்டி கிடைக்கவில்லை என்று ஒருநாளாவது அழுதார்களா? இடிந்த வீட்டுக் காரைக்கட்டியைப் பொறுக்கி வந்து பாண்டிக்கட்டம் போட்டார்கள். கயிறு இல்லையா, காய்கறிக்கடையில் ஆரஞ்சுப் பெட்டி கட்டி வந்த பழைய கயிற்றைக் கெஞ்சி வாங்கித் தெருவை அடைத்துப் பிடித்துத் தாண்டினார்கள். பெரியவர்கள் உலகத்தில் ஒரு ராஜ்யம் இன்னொரு ராஜ்யத்துக்குக் கொடுத்த வாக்கு காற்றில் போயிற்று. இவர்களுடைய தெருவிலோ சட்டம் சட்டம்தான். விரலைப் பின்னிக்கொண்டு ‘க்ரீ’ என்று சொல்லிவிட்டால் போதும், அவனை யாரும் தொடக்கூடாது; மூக்கைச் சிந்திவிட்டு, செருப்பு வாரைக் கட்டிவிட்டு, அவன் விரலைப் பிரிக்கிற வரைக்கும் ஆட்டம் காத்திருக்கும். இதையெல்லாம் யார் எழுதி வைத்தார்கள், யார் இவர்களுக்குப் படித்துக் கொடுத்தார்கள், ஒரு போலீஸ்காரன் உண்டா? குண்டு விழத் தொடங்கின புதிதில் அவள் சுகிர்தத்தை வெளியே விடவே இல்லை. கப்பலேறி ஊருக்கே போய்விடலாம் என்றதற்கு, கடல் இதைவிட மோசம் என்று கணவர் வேதமுத்து சொல்லிவிட்டார். அவர் டாக்டர், ஆஸ்பத்திரியே கதி என்று கிடக்கிறவர், வீட்டுக்கு வந்தால் பூட்ஸைக் கழற்றுமுன் தூங்கிப்போவார். பிள்ளை மேஜைக்கடியில் உட்கார்ந்து கரண்டிகளுக்குப் பேர் வைத்து விளையாடினாள், முகம் வெளுத்தது, சோற்றைப் பார்த்தாலே வாயைத் திருப்பினாள். அப்போதுதான் டோரீன் வந்து கதவைத் தட்டினாள். பத்து வயது, முன்பல் ஒன்று பாதி, முழங்கால் பூராவும் காயப் பொருக்கு. “மிஸஸ் முத்து, கயித்தோட ஒரு முனையைப் பிடிக்க ஆள் வேணும். உங்க சுக்கி வருவாளா?” வேதமுத்துவில் பாதியைத் தின்றுவிட்டு மிஸஸ் முத்து, சுகிர்தத்தில் முக்காலைத் தின்றுவிட்டு சுக்கி. ஆனாலும் அவள் அனுப்பினாள். ஒரு மாதம் பிள்ளை தாண்டவே இல்லை, கயிற்றைச் சுற்றிக்கொண்டு மட்டும் நின்றாள், தோள் வலிக்க வலிக்க. பெற்ற வயிறு எரிந்தது. பிறகு தாண்ட விட்டார்கள். பிறகு ஓட விட்டார்கள். பள்ளிக்கூடத்தில் ஷெல்டர் கட்டி முடியவில்லை என்று இந்த மாதம் அரைநாள் படிப்புதான்; இன்று மத்தியானம் சாப்பாட்டை அப்படியே விழுங்கிவிட்டு, “அம்மா, இன்னைக்கு என்னைய ஒளிய விடுதாங்க!” என்று கத்திக்கொண்டு ஓடினாளே, அந்த முகம், அந்த முகத்துக்கு இந்த ஊரையே எழுதிக் கொடுக்கலாம்.

வாசலில் நிழல் விழுந்தது. வருவது குண்டுவீச்சுக் காவலுக்குப் போட்ட வார்டன் பிரைஸ், மூலைக்கடை ரொட்டிக்காரர், இப்போது தலையில் தகரத் தொப்பி. அவருக்குப் பின்னால் யாரும் இல்லை. ஞானதீபம் எதிர்ப் பெஞ்சைப் பார்த்தாள், இந்தப் பெஞ்சைப் பார்த்தாள், மூலையில் குவிந்திருக்கிற பிள்ளைகளின் தலைகளைப் பார்த்தாள். வைக்கோல் நிறம், வைக்கோல் நிறம், செம்பட்டை, பழுப்பு. எண்ணெய் தடவிப் பின்னின கருப்புத் தலை ஒன்று இருக்கவேண்டும், அது இல்லை. இருட்டு, அதனால்தான் தெரியவில்லை. இல்லை, இருட்டால் இல்லை. “டோரீன், சுகிர்தம் எங்கே?” என்று கேட்டபோது தன் குரல் இவ்வளவு சாதாரணமாக வருகிறதே என்று இருந்தது. டோரீன் திரும்பினாள். பிள்ளையின் முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் இறங்குவது அந்த மங்கல் வெளிச்சத்திலும் தெரிந்தது. “மிஸஸ் முத்து, நான் அவளை இன்னும் கண்டுபிடிக்கலை. மத்தவங்க எல்லாரையும் பிடிச்சிட்டேன். அவ மட்டும்தான் பாக்கி. அப்ப சங்கு ஊதிருச்சு, அம்மா என் கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்துட்டாங்க. நான் கம்பத்தைத் தொட்டுக் கூப்பிடவே இல்லை.” டோரீனின் அம்மா மிஸஸ் வில்மாட் கையை உதறினாள். “அட போடி, சங்கு ஊதினா எந்தப் பிள்ளையும் ஓடிவரும். பக்கத்துல யார் வீட்டுலயாவது நுழைஞ்சிருப்பா. பயப்படாதே மை லவர்.” இந்த ஊரில் எல்லோரும் எல்லோரையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். முதன்முதலில் பால்காரன் அப்படிச் சொன்னபோது ஞானதீபம் கதவைச் சாத்திக்கொண்டு வெலவெலத்துப்போய் நின்றதும், இன்றுவரை வேதமுத்துவிடம் அதைச் சொல்லாததும், ஏன் இப்போது நினைவுக்கு வரவேண்டும்? மனசுக்கு வேளைபொழுது தெரிவதில்லை. பிள்ளை வெளியே இருக்கிறாள்.

“ஓடிவரமாட்டா,” என்றாள் டோரீன், அழுகைக்கும் கோபத்துக்கும் நடுவில். “சங்கு கூப்பிடுறதுல சேத்தி இல்லை. தேடுறவ கம்பத்தைத் தொட்டுக்கிட்டு, எல்லாரும் வரலாம், எங்கே இருந்தாலும் வரலாம்னு மூணு தடவை சொன்னாத்தான் வரணும். நான்தான் அவகிட்ட நேத்து முழுக்கச் சொல்லிக் கொடுத்தேன்.” பிரைஸ் வெளியே போய், “சுக்கி! ஏ சுக்கி!” என்று தெருவின் இரண்டு பக்கமும் கூவிவிட்டு மூச்சிரைக்க வந்தார். பதில் இல்லை, யார் வீட்டு மாடிப்படிக்கு அடியிலாவது இருப்பாள், நான் வீடுவீடாய்த் தட்டிப் பார்க்கிறேன், யாரும் நகரக்கூடாது என்று மறுபடி போனார். வார்டன் கூப்பிட்டால் வரமாட்டாள். அம்மா கூப்பிட்டாலும் வரமாட்டாள், அது ஞானதீபத்துக்குத் தெரியும். போன வாரம் டோரீனின் தம்பி கென், அம்மாவின் குரலில் “டீக்கு வாங்கடீ” என்று கத்தி, ஒளிந்தவர்களை ஏமாற்றி வெளியே வரவழைத்தான். அன்றைக்குத் தெருவே கூடி ஒரு புதுச் சட்டம் போட்டது: பெரியவர்கள் குரலுக்கு யாரும் வரவேண்டாம், அது செல்லாது. சுகிர்தம் அதை ராத்திரி தொட்டி வெந்நீரில் உட்கார்ந்துகொண்டு எத்தனை பெருமையோடு சொன்னாள், தானும் கை தூக்கினாளாம். பிடித்த பிடியை விடாத பிள்ளை. வேதமுத்துவின் பிடிவாதம். இல்லை, என்னுடையதுதான், சும்மா அவர்மேல் போடுவானேன். இப்போது எந்த மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளோ. அவளுக்கு மூச்சுத் திணறும், தூசி ஆகாது. கரித்தொட்டியிலா? இடிந்த வீட்டுக்குள் போகமாட்டாளே, போகக்கூடாது என்று சொல்லியிருக்கிறோமே, சொல்லியிருக்கிறோமா? அப்போது குன்றுப் பக்கத்துப் பீரங்கிகள் ஆரம்பித்தன. பெஞ்சு அதிர்ந்தது, கரண்டி கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்து ஆடி அடங்கியது. அதற்கு மேலே, வெகு மேலே, விட்டு விட்டு முனகுகிற அந்த இஞ்சின் சத்தம். கர்த்தாவே, என்று தொடங்கினாள், அடுத்த வார்த்தை வரவில்லை. பிறந்ததிலிருந்து சொல்லி வருகிற ஜெபம் ஒன்றுகூட வாயில் வரவில்லை. கம்பத்தைத் தொட்டு, மூன்று தடவை, கம்பத்தைத் தொட்டு, மூன்று தடவை, என்று அதுவே ஜெபமாக ஓடியது.

டோரீன் குனிந்து வாசலைப் பார்த்து ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்தாள். மிஸஸ் வில்மாட் பின்னாலிருந்து கவுனைக் கொத்தாகப் பிடித்து இழுத்தாள். துணி கிழிகிற சத்தம் கேட்டது. “விடும்மா! நான்தான் கூப்பிடணும்! நான் கூப்பிடலைன்னா அவ அங்கயே இருப்பா!” அந்தத் தாய் மகளை இரண்டு கையாலும் வயிற்றோடு கட்டிக்கொண்டு ஞானதீபத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் வெட்கமும் இருந்தது, மன்னிப்புக் கேட்பதும் இருந்தது, விடமாட்டேன் என்பதும் இருந்தது. ஞானதீபம் தலையாட்டினாள். விடாதே அம்மா. உன் பிள்ளையை அனுப்பி என் பிள்ளையைக் கூட்டிவரச் சொல்வேனா நான். அவள் எழுந்து முந்தானையை இடுப்பில் செருகினாள். இதுவரை இந்தத் தெருவில் யாரும் அவள் அப்படிச் செய்து பார்த்ததில்லை. “நான் போறேன், டோரீன். எந்தக் கம்பம், என்ன சொல்லணும்?” “நீங்க ஆட்டத்துல இல்லையே,” என்றாள் அந்தச் சிறுமி. அது திமிர் இல்லை, அப்படியொரு கவலை. ஒரு கணம் யோசித்தாள். வெளியே பீரங்கி உலகத்தை உடைத்துக்கொண்டிருக்க, பாதிப் பல்லால் உதட்டைக் கடித்துக்கொண்டு, ஒரு நீதிபதி யோசிப்பதுபோல யோசித்தாள். பிறகு அம்மாவின் பிடிக்குள்ளிருந்தே கையை எட்டி நீட்டி, ஞானதீபத்தின் மணிக்கட்டை அழுத்தித் தொட்டாள். “தொட்டுட்டேன். எல்லாரும் பாத்தீங்கல்ல? இப்ப மிஸஸ் முத்துதான் தேடுறவங்க.” பார்த்தோம் என்றார்கள் மூலையிலிருந்த பிள்ளைகள் எல்லோரும், ஒருவர்கூடச் சிரிக்காமல். “காய்கறிக்கடைக்கு எதிர்க்க இருக்கிற விளக்குக் கம்பம். நான் முன்னாடி சொன்னதையே மூணு தடவை சொல்லணும். ஒரு கை கம்பத்துலயே இருக்கணும். கையை எடுத்தா முதல்ல இருந்து.” ஞானதீபம் தலையாட்டினாள். கோயில் ஞானஸ்நானத் தொட்டிக்கு முன்னால்கூட இவ்வளவு கவனமாக அவள் எதையும் கேட்டுக்கொண்டதில்லை.

வெளியே இவ்வளவு வெயில் இருக்கும் என்று நினைக்கவில்லை. தெரு சுத்தமாகக் காலியாக இருந்தது. கயிறு போட்டது போட்டபடி கிடந்தது, பாண்டிக்கட்டத்தின் ஏழாம் வீட்டில் ஒரு ஷூ பாலீஷ் டப்பா. பீரங்கிச் சில்லுகள் ஓட்டுக்கூரைகளில் கிணுங்கிக் கிணுங்கி விழுந்தன, யாரோ மேலிருந்து சில்லறையை இறைக்கிற மாதிரி. ஓடினாள். செருப்பு ஒன்று கழன்றது, போகட்டும். இரும்புக் கம்பம் வெயிலில் சுட்டது. உள்ளங்கையை அப்பி வைத்தாள். ஒரு வருஷமாக இந்தத் தெருவில் அவள் சத்தமாக ஒரு வார்த்தை பேசினது இல்லை. ரொட்டி கேட்டாலும் தாழ்ந்த குரல், மன்னிக்கவும் என்றாலும் தாழ்ந்த குரல், எங்கே உச்சரிப்புத் தவறிச் சிரித்துவிடுவார்களோ என்று உதட்டுக்குள்ளேயே ஒத்திகை. முதல் தடவை கூப்பிட்டபோது அதே குரல்தான் வந்தது, பக்கத்து வீட்டுப் பூனைக்குக்கூடக் கேட்டிருக்காது. ஏட்டி சுகிர்தம், வாட்டி, அம்மா கூப்பிடுதேன், என்று தமிழ் தொண்டை வரைக்கும் முட்டிக்கொண்டு வந்தது. அதை விழுங்கினாள். அது செல்லாது. அம்மாவாகக் கூப்பிட்டால் செல்லாது. இரண்டாம் தடவை கூப்பிட்டாள், குன்றுப் பீரங்கி அதைப் பாதியில் மென்றுவிட்டது. ஆற்றங்கரைப் பக்கம் கனமாக ஏதோ விழுந்து பூமி ஒருதரம் குலுங்கியது, காய்கறிக்கடைக் கண்ணாடி கடகடத்தது. கால்கள் ஓடு ஓடு என்றன. கையை எடுத்தால் முதலிலிருந்து. எடுக்கவில்லை. பாளையங்கோட்டையில் கிறிஸ்மஸ் பாடகர் குழுவில் கடைசி வரிசையில் நின்று ஆர்கன் சத்தத்தையே அமுக்குகிறாள் என்று பெயர் வாங்கின குரல் ஒன்று அவளுக்கு இருந்தது. எங்கோ போட்டு வைத்திருந்த அதை எடுத்தாள். “எல்லாரும் வரலாம்! எங்கே இருந்தாலும் வரலாம்!” என்று அவர்கள் பாஷையில், தன் நாக்கில், உடம்பெல்லாம் வாயாகக் கத்தினாள். ஷெல்டர் வாசலை ஒட்டி நின்ற பிரைஸின் ரொட்டித் தள்ளுவண்டியில் தார்ப்பாய் அசைந்தது. முனை தூக்கிக்கொண்டது. உள்ளே இரண்டு கண். “நீயாம்மா? டோரீன் எங்க?” “என்னைத் தொட்டுட்டாட்டி. இப்பம் நான்தான்.” அந்தக் கண்கள் இதை ஒரு கணம் நிறுத்துப் பார்த்தன. பிறகு தலையெல்லாம் மாவும் ரொட்டித் தூளுமாக சுகிர்தம் குதித்து இறங்கினாள். அம்மாவிடம் வரவில்லை. நேரே கம்பத்துக்கு ஓடிவந்து அதை அறைந்து தொட்டு, “வந்துட்டேன்!” என்றாள். அதற்குப் பிறகுதான் ஞானதீபத்தால் அவளை அள்ள முடிந்தது.

உள்ளே பிள்ளைகள் இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தார்கள். யாரும் கை தட்டவில்லை, கொண்டாடவில்லை. டோரீன் மட்டும், கிழிந்த கவுனை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, தன் பக்கத்து இடத்தைத் தட்டிக் காட்டினாள். “ரொட்டி வண்டியா?” “ரொட்டி வண்டி.” “நல்ல இடம்,” என்றாள் டோரீன். அந்த ஒரு சொல்லுக்கு சுகிர்தத்தின் கழுத்து ஒரு அங்குலம் நீண்டதை ஞானதீபம் கண்ணாரக் கண்டாள். தெருவெல்லாம் தட்டித் தேடிவிட்டுத் திரும்பிய பிரைஸ், தன் வண்டியில் தானே பார்க்காமல் போனதற்குத் தகரத் தொப்பியைக் கழற்றித் தன் தலையிலேயே ஒரு போடு போட்டுக்கொண்டார். ஞானதீபத்துக்கு அழுகை இப்போதுதான் வந்தது. மிஸஸ் வில்மாட் தன் கம்பளிச் சால்வையைப் பிரித்து அவள் மேல் போட்டுத் தோளோடு அணைத்துக்கொண்டாள். “பயமா இல்லியாட்டி உனக்கு?” என்று மகளைக் கேட்டாள் ஞானதீபம். “இருந்துச்சும்மா. ரொம்ப இருந்துச்சு. ஆனா யாரும் கூப்பிடலியே.” இதற்கு என்ன சொல்லிக் கண்டிப்பது? இனிமேல் சங்கு ஊதினால் ஆட்டம் கலைந்தது என்று ஒரு சட்டம் போடவேண்டும் என்று ஞானதீபம் டோரீனிடம் சொன்னாள், கெஞ்சுகிற மாதிரியே சொன்னாள். டோரீன் மற்றவர்களைப் பார்த்தாள், கைகள் உயர்ந்தன, சட்டம் போட்டாயிற்று. பார்லிமெண்டில்கூட இவ்வளவு சீக்கிரம் ஆகாது. பிறகு அவர்கள் கூழாங்கற்களை எடுத்துத் தரையில் பரப்பி ஐந்தாங்கல் ஆடினார்கள். மேலே இஞ்சின் முனகுகிற போதெல்லாம் கல்லை மேலே எறிகிற கை ஒரு நொடி நிற்கும், அவ்வளவுதான், பிறகு எறியும். பயம் இல்லாத பிள்ளைகள் இல்லை இவர்கள். அதுதான் அவளை உலுக்கியது. இந்தப் பயத்தை மடியில் வைத்துக்கொண்டே, முறை தவறாமல், அடுத்தவன் முறையைப் பறிக்காமல் ஆடுகிறார்கள். என்னால் முடியுமா, வேதமுத்துவால் முடியுமா, சண்டை போடுகிற அந்தப் பெரிய மனுஷர்களில் ஒருத்தனாலாவது முடியுமா?

அபாயம் நீங்கியது என்கிற சங்கு ஒரே சீராக ஊதியது. வெளியே ஆற்றங்கரைப் பக்கம் புகை எழும்பி நின்றது, தெருவில் ஒரு கண்ணாடிகூட உடையவில்லை. ஞானதீபம் மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். வீட்டுக்குப் போகவேண்டும், கதவைத் தாழ்போட வேண்டும், திரையை இழுத்துவிட வேண்டும், இவளை மேஜைக்கடியில் உட்கார வைத்துச் சண்டை முடிகிற வரைக்கும், எத்தனை வருஷமானாலும், கரண்டிகளுக்குப் பேர் வைத்துக்கொண்டு இரு மகளே என்று சொல்லவேண்டும். இரண்டடி நடந்தாள். பிள்ளைகள் யாரும் கலைந்து போகவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. கம்பத்தைச் சுற்றி நின்று அவளையே பார்த்தார்கள். “மிஸஸ் முத்து,” என்றாள் டோரீன், பணிவாக, “இன்னும் நீங்கதான்.” என்ன நான்தான்? ஓ. மிஸஸ் வில்மாட் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “டீ நேரம்டி, அவங்களை விடுங்கடி” என்றாள். டோரீன் நகரவில்லை. ஞானதீபம் குனிந்து சுகிர்தத்தைப் பார்த்தாள். பிள்ளை போகலாம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை, தலையில் ரொட்டித் தூளோடு நின்றாள். அந்தச் சின்னக் கை இழுக்கவும் இல்லை, பிடிக்கவும் இல்லை. அதன் சூடு மட்டும் இருந்தது. ஞானதீபம் திரும்பி நடந்து, கம்பத்தின் மேல் முழங்கையை மடித்து வைத்து, அதில் முகத்தைப் புதைத்தாள். மகளின் கை அவளுடைய கையிலிருந்து நழுவிப் போயிற்று. காலடிகள் எல்லாப் பக்கமும் சிதறி ஓடின. எது தன் பிள்ளையின் காலடி என்று கேட்கப் பார்த்தாள், பிரித்தெடுக்க முடியவில்லை. ஐந்து, பத்து, பதினைந்து, என்று உரக்க எண்ணத் தொடங்கினாள். நடுவில் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அவள் திறக்கவில்லை.